தூக்கம் எங்கள் கையில் இருந்ததில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் தூக்கமும் மறதிநோயும் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கிறது. நல்ல தூக்கம் நம் கையில்தான் இருக்கிறதாம், கைப்பேசியை அணைத்துவிட்டு எட்டு மணி நேரம் தூங்கினால் போதுமாம். மூன்று நாளாக அந்த வரி நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

என் கணவருக்கு 71 வயது. அல்சைமர் என்ற மறதிநோய் என்று சொல்லி நான்கு வருடம் ஆகிறது. கைப்பேசியில் அவர் பேசியதோடு சரி, பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. வாய்க்கால் முடிகிற கடைமடையில் எங்களுக்கு ஒன்பது மா நிலம், ஏறத்தாழ மூன்று ஏக்கர். முறை வைத்து விடும் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் நடுச்சாமம் ஆகிவிடும். அந்நேரம் மடையில் ஆள் நிற்காவிட்டால் நம் வயலில் ஏறாது. ஆற்றில் தண்ணீர் இல்லாத வருடம் மோட்டார். மும்முனை கரண்ட் ராத்திரி முறையில் வந்த காலத்தில் அவர் தூங்கியது மோட்டார் கொட்டகையில்தான். அப்புறம் அரசு நெல் கொள்முதல் நிலையம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்பார்கள், சாக்கு வரவில்லை என்பார்கள். ஒரு மாசி மாதம் நெல் குவியலுக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்குக் கீழே, பனியில் பதினொரு ராத்திரி படுத்திருந்தார். காலையில் சாப்பாடு கொண்டுபோவேன். கண் இரண்டும் சிவந்து, கொடுத்த தூக்குச்சட்டியைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார்.

கட்டுரையில் 2021-ஆம் ஆண்டு பிரிட்டன் ஆய்வு வந்திருந்தது. ஏறத்தாழ 8,000 அரசு ஊழியர்களை 25 ஆண்டுகள் கவனித்ததில், 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதிநோய் வரும் வாய்ப்பு 30 சதவீதம் கூடுதலாம். அதைப் படித்ததும் அவர் 50 வயதில் எங்கே படுத்திருந்தார் என்றுதான் எனக்கு நினைப்பு ஓடியது.

இதனால்தான் அவருக்கு நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை. 31 வருடம் அறிவியல் பாடம் நடத்தியவள். ஒருவருக்கு ஏன் வந்தது என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பது தெரியும். ஆனால் தங்கள் கட்டுரை பாதி விஷயத்தை விட்டுவிட்டது. அமிலாய்டு என்ற புரதம் மூளையில் சேர ஆரம்பிப்பது, மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடங்களுக்கு முன்பே. அப்படிச் சேரும்போதே தூக்கமும் கெட ஆரம்பிக்கலாம். தூக்கம் கெட்டு நோய் வளர்கிறதா, நோய் வளர்ந்து தூக்கம் கெடுகிறதா என்றால் இரண்டும்தான் என்கிறார்கள். தாங்கள் அறியாததல்ல. அப்படியிருக்க எல்லாவற்றையும் தூங்காதவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

எட்டு மணி நேரம் என்ற கணக்கும் போதாது. 2017-இல் வந்த ஓர் ஆய்வில், தூங்குகிறவர்களை எழுப்பாமலேயே, காதில் சத்தம் கொடுத்து ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் கலைத்துப் பார்த்தார்கள். எவ்வளவு கலைந்ததோ அவ்வளவுக்கு அந்த அமிலாய்டு தண்டுவட நீரில் கூடியிருந்தது, அதுவும் ஒரே இரவில். பகலில் படித்ததை மூளை நிலையாகப் பதித்துவைப்பதும் பெரும்பாலும் இந்த ஆழ்ந்த தூக்கத்தில்தான். எங்கள் தெருவில் ஆடி முழுக்க ஒலிபெருக்கி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. போய்ச் சொன்னால், “பொதுக் காரியத்துக்குக் குறுக்க நிக்காதீங்க டீச்சர்” என்கிறார்கள், என்னிடம் படித்த பிள்ளைகளே.

குறட்டையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. இருபது வருடம் அவர் குறட்டை விட்டார். நடுவில் மூச்சு நின்று, திணறி, மறுபடி வரும். அசந்து தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தேன். மூச்சு நிற்கும்போதெல்லாம் தூக்கம் கலைகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, அதற்கு வைத்தியம் இருக்கிறது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. மறதி தெரிந்து முதலில் போன மருத்துவமனையிலும் “வயசானா இப்படித்தாம்மா” என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டு இன்னும் குழம்பிப்போனார். சரியான பெயர் தெரிய இன்னொரு வருடம் ஆனது.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ஆறு வருடம் ஆகிறது. இன்றும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் லைட்டைத் தேடுகிறார். “இந்தா, முறை வந்துட்டு. மடையத் திறக்கணும், நீ படு” என்கிறார். முதலில் தடுத்துப் பார்த்தேன், கோபம் வந்துவிடும். இப்போது கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் குழாயைத் திறந்துவிடுகிறேன். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். வாளி நிறைந்ததும், “ஏறிட்டு, போதும்” என்று தானே திரும்பி வந்து படுக்கிறார். சில ராத்திரி இது மூன்று தடவை நடக்கும். எனக்கு 66 வயது. என் தூக்கம் யார் கையில் இருக்கிறது என்று கட்டுரையாளர் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கும், நெல் நனைந்து முளைத்தாலும் எங்கள் படம் தங்கள் பத்திரிகையில் வருகிறது. நெல்லுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் படம் வந்ததில்லை. கொள்முதல் நிலையத்தில் ராத்திரி தங்குகிறவர்களுக்கு ஒரு கொட்டகையாவது வேண்டும் என்று போன வருடம் எழுதினேன். அது பிரசுரமாகவில்லை. வருத்தம்தான், ஆனாலும் சந்தாவை நிறுத்தவில்லை.

இப்போது நான் கேட்பது ஒரு பெட்டிச் செய்தி. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்த அரசு மருத்துவமனையில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நரம்பியல் மருத்துவர் பார்க்கிறார், குறட்டைக்கான தூக்கப் பரிசோதனை எங்கே செய்கிறார்கள் என்று விசாரித்துப் போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டுக்குத் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.