ஐந்து பேரைப் பின்னால் நிறுத்துவது பற்றி

ரூட்டிங், லண்டன்
20 மே 2025

அன்புக் குஞ்சுக்கு,

"வெம்பிளியிலும் ஜாக்சன் ஐந்து பேரைப் பின்னால் கட்டிவைத்துக்கொண்டுதான் ஆடப்போகிறாரா அப்பா?" என்று எங்கள் விம்பிள்டன் உதைபந்தாட்டக் கழகத்தின் பயிற்சியாளரைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெம்பிளியில் நடக்கப்போவது பிளே ஓஃப் இறுதி ஆட்டம், வென்றால் ஒரு பிரிவு மேலே ஏறலாம். ஓம், அப்படித்தான் ஆடுவார். அப்படித்தான் ஆடவும் வேண்டும். போனில் கதைத்தால் பாதியில் மறித்துவிடுவாய். அதனால்தான் ஆறுதலாக எழுதுகிறேன்.

மெல்பேர்னில் நடுச்சாமத்தில் விழித்திருந்து விம்பிள்டனைப் பார்க்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் கோல் மழை பார்க்க ஆசை இருக்கும். அது எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்தப் பருவத்தின் கணக்கை ஒருதரம் எடுத்துப் பார். 46 ஆட்டங்களில் நாங்கள் வாங்கிய கோல் 35. எங்கள் பிரிவான லீக் டூவில், அதாவது இங்கிலாந்தின் நாலாம் படியில், இருக்கிற 24 கழகங்களில் இதைவிடக் குறைவாக வாங்கியவர்கள் ஒருவரும் இல்லை. அடித்ததோ 56தான். ஆட்டத்துக்கு ஒன்றேகால் கோல்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு 73 புள்ளி எடுத்து ஐந்தாம் இடத்துக்கு வந்தோம் என்றால், எங்களை ஏற்றிவிட்டது முன்வரிசை அல்ல, பின்வரிசை.

நொட்ஸ் கவுன்ரியோடு நடந்த அரையிறுதியை நீயும் பார்த்தாய்தானே? பந்தைக் காலில் வைத்து, சின்னச் சின்னப் பாஸாகக் கொடுத்து ஆடுகிற ரீம் அது. பார்க்க வடிவான ஆட்டம், நான் மறுக்கவில்லை. மக்கோல்ட்ரிக் போன்ற கெட்டிக்காரர் அங்கே இருக்கிறார். அப்படிப்பட்டவர்களுக்கு எதிராக இரண்டு ஆட்டம், அங்கே 1-0, இங்கே 1-0. 180 நிமிடத்தில் ஒரு கோல்கூட அவர்கள் அடிக்கவில்லை. பந்து அவர்களிடம் இருந்தது, ஆட்டம் எங்களிடம் இருந்தது. நீ சலிப்பு என்கிறாய். எங்கள் மைதானமான ப்ளவ் லேனில் நின்ற எங்களுக்குக் கடைசிக் கால் மணி நேரம் மூச்சே வரவில்லை.

அடுத்த தரம் திரையில் பந்தைப் பார்க்காதே. ஜோஷ் நியூஃபில்லை மட்டும் பார். பந்து எங்கள் ஆட்களிடம் இருக்கிறபோது அவர் வலப்பக்கக் கோட்டை ஒட்டி ஏறி, முன்கள வீரர் போலவே நிற்பார். பந்து பறிபோன கணம் திரும்பி ஓடத் தொடங்குவார். பந்தை நோக்கி அல்ல, தன்னுடைய இடத்தை நோக்கி. அவர் வந்து சேர்ந்ததும் ஜோ லூயிஸும் ரயன் ஜோன்சனும் இரண்டடி உள்ளே நெருங்குவார்கள். எதிராளிக்குத் தெரிந்த இடைவெளி அந்த நேரத்தில் மூடிப்போகும். மறுபக்கத்திலும் இதே வேலைதான். நீ "ஐந்து பேர் பின்னால்" என்று சொல்வது பாதி நேரம் மூன்று பேர், மீதி நேரம் ஐந்து பேர். அந்த மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே எத்தனை ஓட்டம் இருக்கிறது என்பதைக் கமரா காட்டாது. அது பந்துக்குப் பின்னால் போய்விடும். மைதானத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அந்த வரிசைக்குப் பின்னால் ஓவன் குட்மன். கிறிஸ்ரல் பலஸிடம் இரவல் வாங்கிய பெடியன். கோர்னர் வந்தால் கோட்டில் ஒட்டிக்கொண்டு நிற்காமல் வெளியே வந்து பந்தைப் பிடிக்கிற துணிச்சல் அவனிடம் இருக்கிறது. கோல் காப்பாளர் வெளியே வருவார் என்ற நம்பிக்கை இருந்தால் பின்கள வீரர் ஆளைப் பிடித்தால் போதும், பந்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஓகஸ்டில் பிரீமியர் லீக் இப்ஸ்விச்சை லீக் கப்பில் இங்கே 2-2 என்று இழுத்துப் பெனால்டியில் வென்ற அன்றே, இவன் இருக்கிற வரைக்கும் பயமில்லை என்று நினைத்தேன். அடுத்த பருவம் அவன் எங்கே இருப்பான் என்பதுதான் என் கவலை.

யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் நாங்கள் கடற்கரை மணலில் ஆடிய காலத்திலேயே எனக்கு இந்தப் புத்தி இருந்தது. சென் மேரிஸும் குருநகர்ப் பாடுமீனும் மோதினால் ஊரே வேலியில் ஏறி நிற்கும். முன்னுக்கு ஓடுகிறவனுக்குத்தான் கைதட்டல். ஆனால் ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பெரியவர்கள் பேசுவது பின்னால் நின்றவனைப் பற்றி. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

சரி, இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் கழகம் எப்படிப்பட்டது என்பதற்கும் இந்த ஆட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறது. இது ஆதரவாளர்களுக்குச் சொந்தமான கழகம். நல்ல முன்கள வீரர் வேண்டும் என்றதும் காசை அள்ளிக் கொட்ட எங்களுக்கு ஒரு முதலாளி இல்லை. கோல் அடிக்கிறவன் விலை கூடியவன். கோல் விடாமல் இருப்பதைப் பயிற்சியாலும் ஒழுங்காலும் கட்டி எழுப்பலாம். ஜோனி ஜாக்சன் அதைத்தான் செய்திருக்கிறார். காசில்லாத கழகம் பணக்காரக் கழகத்தைப் போல ஆடப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதை இந்தப் பிரிவிலேயே பலரிடம் பார்த்தாயிற்று.

2002இல் பழைய விம்பிள்டனை 60 மைல் தள்ளி மில்ரன் கீன்ஸுக்குக் கொண்டுபோக உதைபந்தாட்டச் சங்கத்தின் குழு அனுமதி கொடுத்தபோது நீ சின்னப் பிள்ளை. 1988இல் லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கிண்ணம் எடுத்த கழகம் அது. ஆதரவாளர்கள் விம்பிள்டன் பொதுவெளியில் ஆட்களைத் தெரிவுசெய்து புதுக் கழகம் தொடங்கினார்கள், ஒன்பதாம் படியிலிருந்து. உன்னையும் கூட்டிக்கொண்டு 131 பஸ்ஸில் அப்போதைய மைதானமான கிங்ஸ்மெடோவுக்குப் போன நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். ரூட்டிங்கில் எங்கள் சனம் முழுக்க லிவர்பூல், ஆர்சனல், மன்செஸ்ரர் யுனைற்றட். "உங்கள் ரீம் எந்தச் சனலில் வரும் அண்ணை?" என்று கடையில் கேட்பார்கள். நீ எட்டு வயதில் அவர்களுக்குப் பதில் சொல்வாய், "நாங்கள் சனலில் பார்ப்பதில்லை, நேரே போவோம்" என்று. அந்தப் பிள்ளைதான் இப்போது ஜாக்சனைக் குறை சொல்கிறது!

ஒன்பது பருவத்தில் ஐந்து முறை ஏறி, 2011இல் லூட்டனைப் பெனால்டியில் வென்று தொழில்முறை லீக்குக்குள் வந்தோம். அந்த இறுதி ஆட்டமும் 0-0. இரண்டு மணி நேரம் கோல் விடாமல் நின்றதால்தான் கோல் காப்பாளர் செப் பிரவுன் இரண்டு பெனால்டியைத் தடுக்கிற வாய்ப்பே வந்தது. 2016இல் வெம்பிளியில் பிளைமவுத்தை 2-0 என்று வென்றபோதும் 78ஆம் நிமிடம் வரை கோல் இல்லை. பொறுத்திருந்தோம். லைல் ரெய்லர் அடித்தார், பிறகு கடைசியில் அகின்ஃபென்வா பெனால்டி. அன்று நடுவில் ஆடிய ஜேக் ரீவ்ஸ்தான் இன்று எங்கள் தலைவர். வெம்பிளியில் பொறுமை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் நீ சொன்னதில் ஒரு விடயம் சரி. முதல் கோலை நாங்கள் வாங்கிவிட்டால் இந்த ஆட்டத்துக்குக் கை ஒடிந்துபோகிறது. ஏப்ரல் 26ஆம் திகதி போர்ட் வேல் இங்கே வந்து 2-0 என்று வென்று, எங்கள் மைதானத்திலேயே பதவி உயர்வைக் கொண்டாடிவிட்டுப் போனது. அன்று பின்தங்கிய பிறகு ரீம் முழுக்க முன்னுக்குத் தள்ளிப் போகத் தடுமாறியது. பந்தை நெடுக்க அடித்து முன்கள வீரர் ஸ்டீவன்ஸைத் தேடினார்கள், அவரைச் சுற்றி மூன்று பேர். அதுமட்டும் இல்லை, நாங்கள் முன்னிலையில் இருக்கிறபோதும் 70ஆம் நிமிடத்துக்குப் பிறகு வரிசை தேவைக்கு மேல் பின்வாங்குகிறது. பத்து மீற்றர் முன்னுக்கு நின்றால் எதிராளி பெனால்டிப் பெட்டிக்கு வெளியே இருந்து பந்து போடவேண்டி வரும். பின்னுக்கு இருந்தால் பெட்டிக்குள்ளேயே தள்ளுமுள்ளு. ஜாக்சனோடு எனக்கு இருக்கிற ஒரே கணக்கு இதுதான். ஐந்து பேர் நிற்பது பிரச்சினை இல்லை, அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. நீ இந்த இடத்தில் குறை சொல்லியிருந்தால் நான் உன் பக்கம்.

போர்ட் வேலிடம் தோற்ற பிறகு எல்லாம் முடிந்தது என்று நினைத்தவர்கள் இருக்கிறார்கள். கடைசி நாள் கிறிம்ஸ்பிக்குப் போய் 1-0 என்று வென்று பிளே ஓஃபுக்குள் வந்தோம். திரும்பவும் 1-0. நீ சிரிப்பாய், பரவாயில்லை.

இனி வோல்சோல். ஜனவரியில் 12 புள்ளி முன்னால் நின்ற ரீம். ஸ்ரோக் கழகம் இரவல் கொடுத்திருந்த முன்கள வீரர் நேதன் லோவைத் திருப்பி அழைத்துக்கொண்ட பிறகு கோல் வரத்து குறைந்து, சறுக்கிச் சறுக்கி நாலாம் இடத்துக்கு வந்துவிட்டார்கள். கடைசி நாள் பிரட்ஃபோர்ட் தன்னுடைய ஆட்டத்தின் கடைசிக் கணங்களில் அடித்த கோலால் அவர்களை முந்திவிட, நேரடி உயர்வும் கைநழுவியது. அந்த ஆதரவாளர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் களத்தில் இரக்கம் வேண்டாம். அவர்களும் மூன்று பின்கள வீரர்களோடு ஆடுகிறவர்கள், எங்களுக்குக் கண்ணாடி பார்க்கிற மாதிரி இருக்கும். ஃப்ரீ கிக், கோர்னர் போன்ற நிலையான பந்துகளில் அவர்கள் ஆபத்து. இடக்கால் ரெய்லர் அலன் போடுகிற பந்தும், ஜமீல் மற்றின் தலையும். பெட்டிக்கு அருகே தேவையில்லாத ஃபவுல் கொடுக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் கோல் எங்களுடையதாக இருந்தால் மீதியும் முடிந்தது என்றே சொல்வேன்.

ஏறினால் என்ன வரும் என்று யோசித்தாயா? ஒரு படி மேலே லீக் வன்னில் அடுத்த பருவம் லூட்டனும் பிளைமவுத்தும் இருப்பார்கள், இரண்டு பேரும் மேலிருந்து இறங்கி வருகிறார்கள். நாங்கள் ஏறுவதற்கு வென்ற அதே இரண்டு கழகங்கள்! கார்டிஃபும் வருகிறது. 2022இல் இறங்கிய பிரிவுக்குத் திரும்பிப் போய் நிலைப்பது இலகுவாக இராது. ஆனாலும் மில்ரன் கீன்ஸ் இந்தப் பருவம் இதே பிரிவில் எங்களுக்குக் கீழே, வெகு கீழே முடித்திருக்கிறது. அவர்களை அங்கேயே விட்டுவிட்டு ஒரு படி ஏறுவது எனக்குப் பெரிய காரியம். பழைய கோபம் என்று அம்மா சொல்வாள். கோபம்தான், அதை ஏன் மறைக்கவேண்டும்?

செப்ரெம்பரில் வாண்டில் ஆறு பெருக்கெடுத்து மைதானத்துக்குள் வந்ததை உனக்குப் படம் அனுப்பினேனே. புல்தரை கம்பளம்போல மடிந்து கிடந்தது, கீழே மண் உள்வாங்கிக் குழி விழுந்திருந்தது. நியூகாசிலோடு இங்கே நடக்கவேண்டிய லீக் கப் ஆட்டத்தை அவர்களுடைய மைதானத்துக்கு மாற்றவேண்டி வந்தது. அங்கேயும் ஒரு பெனால்டியில் 1-0 என்றுதான் தோற்றோம். மார்ச்சில் அந்தக் கிண்ணத்தைத் தூக்கியவர்கள் நியூகாசில்தான். ஆதரவாளர்கள் காசு சேர்த்தார்கள், புதுத் தரை போட்டார்கள், ஒக்ரோபரில் திரும்பி வந்தோம். இப்படி ஒரு பருவத்தில் வெம்பிளிவரை வந்த பெடியன்களைப் பார்த்துச் சலிப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

எனக்கும் தம்பிக்கும் ரிக்கெற் எடுத்தாயிற்று. அம்மா வரமாட்டாள், அவளால் பிளே ஓஃப் தாங்க முடியாது. 26ஆம் திகதி திங்கட்கிழமை இங்கே பிற்பகல் மூன்று மணி, உனக்கு நடுச்சாமம். செவ்வாய் வேலைக்குப் போகவேண்டும் என்பதால் மருமகனிடம் சொல்லிப் பின்னேரமே கொஞ்சம் படுத்து எழும்பு. பத்து மணிக்குமேல் தேத்தண்ணி குடிக்காதே, பிறகு விடியும்வரை நித்திரை வராது.

ரீம் அறிவிப்பு வந்ததும் முதலில் ஸ்டீவன்ஸுக்குப் பக்கத்தில் யாரை நிறுத்தியிருக்கிறார் என்று பார். வேகமான ஆள் என்றால், வரிசை கொஞ்சம் முன்னுக்கு ஏறி நிற்கும் என்று அர்த்தம், நீ கேட்டது கிடைக்கும். உயரமான ஆள் என்றால், பந்து நெடுக்க வரும், நீ திரும்பவும் எனக்கு முறைப்பாடு எழுதலாம். எதுவென்றாலும் இடைவேளைக்குப் போன் எடு. கூட்டத்தில் சத்தம் கேட்காது, ஆனாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா