மூல ஹோலோகிராமையும் கேளுங்கள்: ஒளியியல் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். டிஜிட்டல் ஹோலோகிராபியில், அதாவது செல்லைக் கடந்து வரும் ஒளியலையைக் கேமராவில் பதிந்து கணினியில் படமாக மீட்கும் முறையில், செல்களை அளந்து எழுதும் கட்டுரைகளோடு மூல ஹோலோகிராமையும் (கேமராவில் விழுந்த அந்த முதல் பதிவையும்) கட்டாயம் கேட்டு வாங்குங்கள் என்று வேண்டத்தான் இந்த மடல். புதிய கோரிக்கை இல்லை, உங்களுக்கே தெரியும்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. செல்கள் நெருக்கமாக வளர வளர ஒவ்வொன்றின் உலர் நிறையும் (நீர் நீங்கலான நிறை) குறைகிறது என்று ஒரு கட்டுரை சொன்னது. எங்கள் கருவியில் அந்தக் குறைவு வரவே இல்லை. தவறு எங்களுடையதா என்று பார்க்க நினைத்தோம். கையில் கிடைத்ததோ அச்சில் வந்த வண்ணப் படம் ஒன்றுதான். அதில் செல்கள் நெருக்கியடித்துக் கிடந்தன, செல் இல்லாத வெற்று இடமே இல்லை. செல்லைக் கடக்கும் ஒளியலை எவ்வளவு பின்தங்குகிறது என்பதை ஒளியின் கட்டம் (phase) காட்டும்; நிறையைக் கணக்கிடுவது அதிலிருந்துதான். அந்தக் கட்டத்தை அளக்கும்போது பூஜ்யம் எது என்று சொல்வது அந்த வெற்று இடம்தான். அது இல்லாத இடத்தில் மென்பொருள் பின்னணியைச் சமன்செய்தால், செல்லின் நிறையிலும் ஒரு பங்கைப் பின்னணி என்று எண்ணிக் கழித்துவிடும். அப்போது நெருக்கம் கூடக்கூட நிறை குறைவது போலத்தான் தெரியும்.

அங்கே அதுதான் நடந்ததா? மூல ஹோலோகிராமும், செல் வைக்காமல் எடுத்த பின்னணி ஹோலோகிராமும் இருந்திருந்தால் ஒரே பிற்பகலில் தெரிந்திருக்கும். ‘நியாயமான கோரிக்கையின் பேரில் தரவு வழங்கப்படும்’ என்று கட்டுரையின் அடியில் இருந்தது. மூன்று முறை எழுதினோம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்த பதில்: படம் எடுத்த மாணவர் போய்விட்டார், மூலக் கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன. எங்கள் ஆய்வு மாணவிக்கு இதில் ஏழு மாதம் போயிற்று. அவளுக்கு அதைத் திருப்பித் தர யாரால் முடியும்?

இயற்பியலாளர் காபோர் 1948இல் முன்வைத்த ஹோலோகிராபியின் அடிப்படையே, அலையின் வீச்சோடு கட்டத்தையும் சேர்த்துப் பதிவுசெய்வதுதான். 1994இல் ஷ்னார்ஸ், யூப்ட்னர் என்ற ஆய்வாளர்கள் அந்தப் பதிவை நேரடியாக சிசிடி (மின்னணு உணரி) கேமராவில் எடுத்துக் கணினியில் மீட்டுக் காட்டினார்கள். அதனால்தான் பதிவு கையில் இருந்தால் பிறகு எப்போது வேண்டுமானாலும் குவியத்தை மாற்றலாம், பின்னணியை வேறு முறையில் கழித்துப் பார்க்கலாம். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வண்ணம் பூசிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இந்த முறையின் பலனே போய்விடுகிறது. இடம் போதாது என்றும் சொல்ல முடியாது. 1024க்கு 1024 பிக்சல், 8 பிட் என்றால் ஒரு ஹோலோகிராம் வெறும் 1 எம்பி. நீண்ட காணொளிப் பதிவுகள் பெரிதாகத்தான் இருக்கும், சரி. கட்டுரையில் அச்சாகும் படங்களுக்கு உரியவற்றையாவது தரலாமே.

புரதக் கட்டமைப்பை வெளியிடுபவர்கள் அதன் தரவைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்தே ஆகவேண்டும் என்று ஆய்விதழ்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகின்றன. நம் துறை மட்டும் ‘அளவுசார்’ என்று தலைப்பில் போட்டுக்கொண்டு, வண்ண அளவுகோல்கூட இல்லாத படங்களை அனுமதிக்கிறது. மதிப்பீட்டாளர்களும் ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்கிறார்களே தவிர, மூலத்தைக் கேட்பதில்லை. இதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: மூல ஹோலோகிராம், பின்னணி ஹோலோகிராம், அலைநீளம், பிக்சல் அளவு, உருப்பெருக்கம், கட்டத்தை மீட்ட நிரல். இவை பொதுக் களஞ்சியத்தில் ஏறிய பிறகே கட்டுரையை ஏற்பது என்று விதி செய்யுங்கள். அடுத்த ஆசிரியர் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்களை அளக்கும் ஓர் ஆய்வாளர்