கடைசி அத்தியாயம் பற்றி

அன்பு மகளுக்கு,

உனக்கு நேர்ந்த வன்கொடுமையைப் பற்றி நீ எழுதிய நூலின் கையெழுத்துப் பிரதியை நேற்றிரவு படித்து முடித்தேன். கடைசி அத்தியாயம் ஆறுதலாக முடிய வேண்டும் என்று பதிப்பாசிரியர் கேட்பதாகவும், சித்தியும் அதையே வற்புறுத்துவதாகவும் எழுதி, என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அதற்கு இணங்காதே.

சேனல் மில்லரை உனக்குத் தெரியும். 2015 ஜனவரியில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் நினைவிழந்து கிடந்த நிலையில் வன்கொடுமைக்கு ஆளானவர். தமக்கு நேர்ந்தது என்ன என்பதை, வேலை செய்யும் இடத்தில் கைப்பேசியில் செய்தி படித்துத்தான் அவர் முழுமையாக அறிந்தார். அச்செய்தியின் அடியில் அவரைத் தாக்கியவனுடைய நீச்சல் சாதனைகள் பட்டியலிடப்பட்டிருந்தன. அவனுக்கு விதித்த தண்டனை ஆறு மாதம், சிறையில் இருந்ததோ மூன்றே மாதம். ஆனால் நீதிமன்றத்தில் அவர் வாசித்த அறிக்கையை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் படித்தார்கள். கலிஃபோர்னியாவில் சட்டம் திருத்தப்பட்டது. 2018-இல் அந்தத் தண்டனையை விதித்த நீதிபதியை வாக்காளர்களே பதவியிலிருந்து இறக்கினார்கள். அதுவரை 'எமிலி டோ' என்றே அறியப்பட்டவர், 2019-இல் சொந்தப் பெயரில் நூலை வெளியிட்டார்.

உன் கேள்விக்கான பதில் அங்கே நடந்த இன்னொரு தகராறில் இருக்கிறது. சம்பவம் நடந்த இடத்தைத் தோட்டமாக்கிய பல்கலைக்கழகம், அங்கே பதிக்கும் பலகைக்கு அவர் தேர்ந்து கொடுத்த வரிகளை மறுத்து, தாம் நலமாக இருப்பதாக அவர் தங்கையிடம் சொன்ன சொற்களைப் போடலாம் என்றது. தங்கை கலங்கிவிடக் கூடாதே என்று, தாம் உடைந்திருந்த நேரத்தில் சொன்ன சொற்கள் அவை. அவர் சம்மதிக்காமல் விலகிக்கொண்டார். மாணவர்கள் விடாமல் போராடினார்கள். 2020-இல் அவர் கேட்ட வரிகளே அங்கே பதிக்கப்பட்டன.

உன்னிடமும் அதே ஆறுதலைத்தான் கேட்கிறார்கள், படிப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக. இன்றும் கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை சரிபார்த்த பிறகே படுக்கிறாய் என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்தியிலேயே நூல் முடியட்டும்.

பெயர் போடுவதும் உன் விருப்பம். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதை நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் எழுத்து மூலம் அனுமதி தரும் உரிமையை அவரிடமே விட்டிருக்கிறது. குடும்ப மானம் என்று பேசுபவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சித்தியிடம் இன்று மாலையே பேசுகிறேன். நீ பதிப்பாசிரியருக்கு எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா