கணக்கு சாரும் சிவப்பு ஊசியும்

அன்புள்ள மாப்ள,

சித்திரைத் திருவிழாவுக்கு வந்துவிட்டுப் போன பிறகு நீ மூன்று தடவை கூப்பிட்டாய், நான் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. வாடகை சைக்கிள் பாக்கி இன்னும் இருக்கிறது, ஆனால் அதற்காகவும் இல்லை. உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து கிண்டல் பண்ணுவாய், நானும் சிரித்துவிட்டு அப்படியே தப்பித்துக்கொள்வேன். அதனால்தான் எழுத்து. தங்கச்சி நலமா? பெரியவளுக்குக் கோயம்புத்தூரிலேயே காலேஜ் கிடைத்துவிட்டதா? இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி வழக்கம் போல, திருமங்கலத்தில் வெயில் வழக்கத்தைவிடக் கூட.

விஷயம் நம்ம கணக்கு சாரைப் பற்றியது. பதறாதே, நன்றாகத்தான் இருக்கிறார், முந்தாநாள்கூட என்னைத் திட்டினார்.

எதிர்சேவை பார்த்துவிட்டு மறுநாள் அவர் வீட்டுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கதவைத் திறக்க எத்தனை நேரம் ஆனது! சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். "வயசாச்சுடா" என்றார். நீ ஆமாம் என்று தலையாட்டினாய், அதைவிட மோசமாக நானும் தலையாட்டினேன். நீ இரும்பு வியாபாரி, உன்னை விட்டுவிடலாம். எனக்கு வாசலில் டாக்டர் என்று போர்டு இருக்கிறது.

வைகாசியில் ஒரு நாள் காலையில் முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து விழுந்துவிட்டார். புருவத்தில் நாலு தையல். நான் அன்றைக்கு என் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தேனிக்குப் போயிருந்தேன். கிளினிக்கில் எனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தது ஒரு சின்னப் பெண், குடும்ப மருத்துவம் மேல்படிப்பு முடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தையல் போட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம், நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் எனக்குப் போன் பண்ணி, "சார், ட்யூனிங் ஃபோர்க் எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "அப்படி ஒண்ணு நம்மகிட்ட இருக்கா?" என்று நான் திருப்பிக் கேட்டேன் மாப்ள. காலேஜில் படிக்கும்போது வாங்கினது, கடைசி டிராயரில் பழைய காலண்டர்களுக்கு அடியில் கிடந்ததாம்.

தட்டினால் அதிர்கிற இரண்டு முனைக் கவை அது. அதைத் தட்டிச் சாரின் கணுக்காலில் வைத்திருக்கிறாள். சாருக்கு அதிர்வே தெரியவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு நிற்கச் சொன்னால் நிற்கிறார், மூடச் சொன்னால் ஆடுகிறார். நாம் நேராக நிற்பதற்கு மூன்று விஷயம் வேண்டும்: கண், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, அப்புறம் பாதமும் மூட்டுகளும் "இங்கே இருக்கிறோம்" என்று மூளைக்கு அனுப்பும் தகவல். கால் தகவல் அனுப்பாவிட்டாலும் கண் சமாளித்துக்கொள்ளும். சோப்பு போடக் கண்ணை மூடும்போதோ, ராத்திரி லைட்டை அணைத்த பிறகோதான் குட்டு வெளிப்படும். இதை மூன்றாம் வருஷ மாணவன்கூடச் சொல்வான். சார் என்னிடம் இரண்டு வருஷமாகச் சொன்னது இதைத்தான்: "முகம் கழுவுறப்ப தள்ளுதுடா." நான் தலைசுற்றல் மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.

"செருப்பு கழண்டு விழுந்ததே தெரியாம வீடு வரைக்கும் வந்துட்டேன்" என்றும் சொன்னார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "சுகர் இருந்தா அப்படித்தான் சார், நரம்பு கொஞ்சம் மரத்துப் போகும்" என்றேன். கால் எரிச்சலுக்கு ப்ரீகாபலின் என்ற நரம்புவலி மாத்திரை எழுதினேன். அதில் கால் வீங்கியது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்தேன். அதனால் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து இருட்டில் தட்டுத் தடுமாறிக் கழிவறைக்குப் போனார். காலில் உணர்வில்லாத மனுஷனை இருட்டில் நடக்கவிட்டதும் நான்தான். ஒரு மாத்திரை செய்ததை இன்னொரு மாத்திரையால் அடைத்து, அது செய்ததை மூன்றாவதால் அடைத்து, எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, கீழே என் அழகான கையெழுத்து.

அந்தப் பெண் சீட்டில் எழுதி வைத்திருந்தது இரண்டே வரி. மெட்ஃபார்மின் 12 வருஷம், பாண்டோப்ரஸோல் 6 வருஷம், சுத்த சைவம். பி12 பார்க்கலாமா? கேள்விக்குறி மரியாதைக்காகப் போட்டது. மெட்ஃபார்மின் சாரின் சுகர் மாத்திரை, பாண்டோப்ரஸோல் வயிற்று அமிலத்துக்கான மாத்திரை, பி12 ஒரு வைட்டமின்.

பார்த்தோம். 118 வந்தது. 200-க்குக் கீழே போனாலே குறைவு என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், நீயும் இதில் மாட்டப்போகிறாய், கடைசியில் வருகிறேன். பி12 கறி, மீன், முட்டை, பால், தயிரில் இருக்கிறது, செடி கொடியில் கிடையாது. சாப்பாட்டிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும், பாண்டோப்ரஸோல் அந்த அமிலத்தைக் குறைக்கும். பிரிந்து வந்ததைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்ச வேண்டும், மெட்ஃபார்மின் அங்கே கையை வைக்கும். ஆனாலும் ஒன்றும் உடனே தெரியாது. கல்லீரலில் பல வருஷத்துக்கான சேமிப்பு இருக்கும், வரவு நின்றுபோனாலும் வீடு ஓடிக்கொண்டே இருக்கும். சேமிப்பு தீர்ந்த பிறகுதான் நரம்பு கடன்காரன் மாதிரி வந்து நிற்கும். சார் விஷயத்தில் வரவு எல்லாப் பக்கமும் அடைபட்டுவிட்டது. டீச்சரம்மா போனதிலிருந்து அவர் முட்டைகூடத் தொடுவதில்லை. இருந்த ஒரே வழி பால்காப்பி. சுகருக்கு நல்லதில்லை, வரக்காப்பியாகக் குடியுங்கள் என்று சொன்ன அறிவாளி யார் என்று கேட்காதே.

அந்த வயிற்று மாத்திரைக்கும் ஒரு கதை இருக்கிறது. சாருக்குச் சிக்கன்குனியா வந்தபோது வேறு இடத்தில் வலி மாத்திரையோடு துணைக்குக் கொடுத்தது. வலி மாத்திரை இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது, துணைக்கு வந்தது ஆறு வருஷம் தங்கிவிட்டது. மாசாமாசம் சீட்டைப் புதுப்பித்தது என் பேனாதான். வேறு யாரையும் கை காட்ட முடியாது.

அன்றைக்கு ராத்திரி சாரின் பழைய ஃபைலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை ஒன்று. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, 11.4. அதற்குக் கீழே எம்.சி.வி. என்று ஒரு வரி, சிவப்பணுவின் பருமன், 100-க்குள் இருக்க வேண்டும், 104 என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள், பக்கத்தில் அம்புக்குறி வேறு. நான் ஹீமோகுளோபினை மட்டும் வட்டம் போட்டுவிட்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருக்கிறேன். இரும்புச்சத்து குறைந்தால் அணு சிறுத்துப்போகும் மாப்ள, பெருக்காது. "படி எழுதாம விடை எழுதினவனுக்கு முட்டை" என்று சாக்பீஸ் எறிவாரே, அந்தக் கணக்குதான். விடையும் தப்பு என்பது கூடுதல்.

இதில் என்னைத் தூங்கவிடாதது ஃபைல் இல்லை. ஊசி. நம்ம பக்கத்து ஜனங்களைப் பற்றி உனக்குத் தெரியுமே, அசதி என்றால் உடனே "அந்தச் சிவப்பு ஊசி ஒண்ணு போட்டுவிடுங்க" என்பார்கள். அந்தச் சிவப்பு வேறொன்றும் இல்லை, பி12-இன் நிறமேதான். காய்ச்சலுக்கும் சிவப்பு ஊசி, கடன் தொல்லைக்கும் சிவப்பு ஊசி என்று கேட்பவர்களுக்கு மறுத்து மறுத்து, நான் சத்து ஊசி போடாத டாக்டர் என்று திருமங்கலம் முழுக்கப் பேர் வாங்கியிருக்கிறேன், அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. போன வருஷம் சாரும் கேட்டார். "அந்தச் செவப்பு ஊசி ஒண்ணு போடேன்டா, காலு தெம்பா இருக்கும்." கால் என்றுதான் சொன்னார். நான் பத்து நிமிஷம் பாடம் எடுத்தேன், சார் மாதிரி படித்தவர்களே இப்படிக் கேட்டால் எப்படி என்று. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருஷம் பிள்ளைகளை நிற்க வைத்துத் திட்டினவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

கேட்டவர்களுக்கெல்லாம் போடக் கூடாது என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. கேட்டவர் ஏன் கேட்கிறார் என்று விசாரித்திருக்கலாமே.

இத்தனைக்கும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சாதாரணமாக நடக்கக்கூடியது, அறிகுறி இருந்தால் பாருங்கள் என்று 2022-ல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டாக்டர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. அமெரிக்கச் சர்க்கரைநோய்ச் சங்கத்தின் வழிகாட்டுதலிலும் இருக்கிறது. படித்தேன், நல்ல விஷயம் என்று நினைத்துக்கொண்டேன், பக்கத்தைத் திருப்பினேன். சாயங்காலம் எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஆளுக்குக் கிடைப்பது நாலு நிமிஷம். ஃபைல் மேலே "சுகர்" என்று ஒரு பேர் ஒட்டிவிட்டால் அப்புறம் கால் மரத்தாலும் சுகர், கண் மங்கினாலும் சுகர், தள்ளாடினாலும் சுகர். பெரிய ஆஸ்பத்திரியில் புது முகத்தைப் பார்ப்பவன் முதலிலிருந்து கேட்பான். நமக்கு இருபது வருஷப் பழக்கம், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

அப்புறம் கிளினிக்கில் மெட்ஃபார்மின் வருஷக்கணக்காகச் சாப்பிடுபவர்களின் ஃபைல்களை எடுத்து உட்கார்ந்தேன். எல்லாருக்கும் டெஸ்ட் எழுத முடியாது, மதுரை லேபில் அதற்கு ஆகும் செலவு சில வீடுகளில் ஒரு வார மளிகை. கால் மரப்பு, ரத்தசோகை, அமில மாத்திரை, சைவம், இவற்றில் ஏதாவது இருப்பவர்களை மட்டும் எடுத்தேன். சிலருக்குக் குறைவாக இருந்தது, சிலருக்கு பி12 சரியாகவே இருந்தது, அவர்களுக்கு உண்மையிலேயே சுகர் நரம்புதான். இரண்டும் சேர்ந்தும் வரும், சாருக்கே அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணை வாரத்தில் இரண்டு நாள் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். "ஃபோர்க்கை மேல் டிராயர்ல வைக்கலாமா சார்?" என்று கேட்டாள், குரலில் கிண்டல் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சாருக்கு ஊசி போட்டு மூன்று மாசம் ஆகப்போகிறது. முதலில் ஒரு வாரம் தினமும், அப்புறம் வாரம் ஒன்று, இப்போது மாசம் ஒன்று. ப்ரீகாபலினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், வீக்கம் வடிந்தது, நீர் மாத்திரை போனது, ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார். எரிச்சல் பாதி குறைந்திருக்கிறதாம். கணுக்கால் அதிர்வு இன்னும் வரவில்லை. முழுசாக வருமா என்றால் சொல்ல முடியாது, நரம்பு ரொம்ப நாள் பட்டினி கிடந்தால் கொஞ்சம் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. இதை நான் சீக்கிரம் பிடித்திருந்தால் என்று நீ கேட்க வேண்டாம், நானே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவரிடம் சொன்னேன். கிளினிக்கில் இல்லை, வீட்டுக்கே போய், ஃபைலைப் பிரித்து வைத்து, இது இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே இருந்தது சார், நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த 104-ஐ ரொம்ப நேரம் பார்த்தார். நம்ம விடைத்தாளைப் பார்ப்பாரே, அதே மாதிரி. அப்புறம் எழுந்து அலமாரியிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்து வந்து மேஜையில் வைத்தார். "என்கிட்ட நீ ஃபீஸே வாங்குறதில்ல. அதான் கவனிக்கல. இனிமே வாங்கிக்க" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை மாப்ள. வாங்கிக்கொண்டேன், போன வாரமும் வாங்கினேன். இப்போது அவருக்கும் டோக்கன்தான், முறைப்படி உட்கார வைத்து, செருப்பைக் கழற்றி, காலைத் தொட்டுப் பார்க்கிறேன். அடுத்த சித்திரைக்குத் தல்லாகுளம் வரைக்கும் நடந்தே வருவேன் என்கிறார். கம்பு இல்லாமல் கூட்டத்துக்குள் விடமாட்டேன் என்றதற்குத்தான் முந்தாநாள் திட்டு.

சரி, இனி உன் கதை. நீ எட்டு வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாய். திருவிழாவுக்கு வந்தபோது உன் பையில் வயிற்று மாத்திரை அட்டையும் பார்த்தேன், "கேஸுக்கு, கடையில நானே வாங்குறேன்" என்றாய். போதாததற்கு மகள் சொன்னாள் என்று கறியை விட்டு, இப்போது பாலையும் விட்டுவிட்டாயாம். உங்க அம்மா செய்த ஈரல் வறுவலுக்குச் சட்டியோடு அடித்துக்கொண்டவன்! இந்தச் சோகைக்கு ஈரலைத் தின்னக் கொடுத்துக் குணப்படுத்தியதற்காகத்தான் 1934-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள், தெரியுமா? கறி தின்னு என்று சொல்லவில்லை, அது உன் இஷ்டம், மாத்திரையாகவே கிடைக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு வீரமாக மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதே. அது நல்ல மருந்து, அறுபது வருஷத்துக்கு மேலாக மனுஷனுக்கு உழைக்கிற மருந்து, அதன் மேல் தப்பில்லை. உன் டாக்டரிடம் போய் பி12 பார்க்கச் சொல், அந்த வயிற்று மாத்திரை இன்னும் வேண்டுமா என்றும் கேள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்க்கிறேன் என்று கிளம்பாதே, பக்கத்தில் தங்கச்சி இருக்கும்போது செய்.

அதற்கு முன்னால் நீ முழுங்குகிற எல்லா மாத்திரை அட்டையையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பளபளப்பாக மாத்திரை தெரிகிற பக்கம் இல்லை, பேர் அச்சடித்திருக்கிற பின்பக்கம்.

உன்
மாப்ள