வைஃபை கார்டை மாற்றுமுன்

ஆசிரியருக்கு வணக்கம்.

மடிக்கணினியை மூடித் திறந்ததும் வைஃபை காணாமல் போனால், 'கார்டு போய்விட்டது, புதுசு போடணும்' என்று சொல்லிவிடுவது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வழக்கமாகிவிட்டது. பல நேரம் கார்டில் பழுதே இருக்காது.

இந்தக் கார்டுகள் பலவற்றில் ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள் ஓடும் மென்பொருள், நிரந்தரமாகப் பதிந்திருப்பதில்லை. கணினியில் கிடக்கும் அதன் கோப்பை டிரைவர் (கணினியிலிருந்து கார்டை இயக்கும் மென்பொருள்) எடுத்துக் கார்டின் நினைவகத்தில் ஏற்றும். மின்சாரம் நின்றால் அது அழிந்துபோகும். கணினி தூக்கத்திலிருந்து எழும்போது மறுபடி ஏற்ற வேண்டும். அங்கேதான் இடறுகிறது.

நம் ஊர்ப் பெரிய வீடுகளில் இன்னொரு குழப்பமும் சேரும். முகப்பில் ரவுட்டர் இருந்தால், கனத்த சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குள் சிக்னல் மெலிந்துதான் வரும். ரவுட்டர் வழக்கமாக 102.4 மில்லி விநாடிக்கு ஒரு பீக்கன், அதாவது 'நான் இங்கிருக்கிறேன்' என்னும் சிறு அறிவிப்பு, அனுப்பும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் கார்டு இடையிடையே கண்ணயர்ந்து, பீக்கனுக்கு விழிக்கும். பீக்கன் தொடர்ந்து தவறினால் இணைப்பு அறுந்துவிடும். ஆகவே முதலில் ரவுட்டர் பக்கத்திலேயே வைத்துச் சோதியுங்கள். அங்கும் அறுந்தால் சுவரைக் குறை சொல்ல முடியாது.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் 'மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம்' என்ற பொருளில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். சில புது மாடல்களில் அந்தப் பகுதியே இருக்காது. பிறகு அடாப்டரை டிசேபிள் செய்து எனேபிள் செய்தால் டிரைவர் புதிதாகத் தொடங்கும். ஷட்டவுன் கொடுத்தும் கோளாறு தொடர்கிறதே என்பவர்கள் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன், டிரைவர்களின் பழைய நிலையைச் சேமித்து வைத்து அப்படியே திருப்பிக் கொண்டுவரும். ரீஸ்டார்ட் அப்படிச் செய்யாது.

லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 என்று வைத்தால் மின்சேமிப்பு நிற்கும். ஃபர்ம்வேரை மறுபடி ஏற்ற, டிரைவர் மாட்யூலை (லினக்ஸில் டிரைவர் இருக்கும் துண்டு) இயக்கத்திலிருந்து நீக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். இன்டெல் கார்டுகள் பலவற்றில் ஐடபிள்யூஎல்எம்விஎம் (iwlmvm) என்ற மாட்யூலை முதலில் நீக்க வேண்டும், அடுத்துத்தான் ஐடபிள்யூஎல்வைஃபை (iwlwifi). வரிசை மாறினால் 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுத்துவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதிவைக்கும் பதிவில் ஃபர்ம்வேர் வரியில் -2 என்று பிழை வந்தால் கோப்பே இல்லை. ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவினால் போதும். -110 என்றால் கார்டு உரிய நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை. அப்போது அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பேட்டரியானால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

பழுது பார்ப்பவர்கள் இவ்வளவையும் செய்து பார்த்துவிட்டே கார்டு விலையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இத்தனைக்குப் பிறகும் சாதனப் பட்டியலில் கார்டே தென்படாவிட்டால், திறந்து ஸ்லாட்டில் அழுத்திப் பொருத்திப் பார்க்கலாம். பட்டியலில் இருந்தும் ரவுட்டர் அருகிலேயே சிக்னல் மெலிந்தால், ஆன்டெனா வயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுது பார்ப்போர்,
காரைக்குடி.