சுகாதாரத் துறை அல்லாத மற்ற துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

நிதி, தொழிலாளர் நலம், கல்வி, வேளாண்மைத் துறைகளின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். மனநலம் என்ற சொல்லைக் கண்டதும் இந்த மடலைச் சுகாதாரத் துறைக்குத் தள்ளிவிடாதீர்கள். இது உங்களுக்கு எழுதியதுதான்.

ஆண்டுதோறும் அக்டோபர் 10, உலக மனநல நாள். 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். பேசட்டும், நல்லதுதான். பேசிய பிறகு எங்கே போவது? உலக நாடுகள் சுகாதாரத்துக்குச் செலவிடும் பணத்தில் சராசரியாக 2 சதவீத அளவுதான் மனநலத்துக்குப் போகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பங்கு அதிகமாக வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் எவ்வளவு கூடினாலும், மருத்துவரிடம் வந்து சேர்வது ஏற்கெனவே நொந்துபோனவர்தான். அவரை நோகடித்தவற்றில் பல உங்கள் கோப்புகளில் இருக்கின்றன.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் நடுவில் தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. அந்தத் தற்கொலைகளில் பலவற்றுக்குக் காரணமான கொடிய பூச்சிக்கொல்லிகளை அங்கே படிப்படியாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் படுத்துவிடும் என்ற பயமும் பலிக்கவில்லை. இதைச் செய்தது மனநல மருத்துவமனை அல்ல, பூச்சிக்கொல்லிகளுக்கு அனுமதி தரும் வேளாண் நிர்வாகம். உயிரை விட்டுவிடலாம் என்ற வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தைக் கடக்க வைத்தாலே பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள். இதற்கு யாருக்கும் நோய்ப் பெயர் சூட்ட வேண்டியதில்லை, யாரையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுமில்லை.

அப்புறம், தொழிலாளர் துறை. நாளை காலை ஷிப்ட் உண்டா இல்லையா என்பது ஒருவருக்கு இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. பிள்ளையை யாரிடம் விடுவது, இந்த மாதம் கையில் எவ்வளவு நிற்கும், எதுவும் தெரியாது. போனை அடிக்கடி எடுத்துப் பார்த்தபடியே தூங்கப் போகிறார். இவருக்கு நிறுவனம் தருவது மூச்சுப் பயிற்சி வகுப்பு (அதுவும் வேலை முடிந்த பிறகு, சம்பளமில்லாத நேரத்தில்). மூச்சில் ஒரு கோளாறும் இல்லை ஐயா. அட்டவணையை இரண்டு வாரம் முன்னதாகத் தரவேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். பணியிட மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022இல் தந்த வழிகாட்டுதலும் ஆளை மட்டும் பழக்கினால் போதாது, வேலையின் அமைப்பையும் மாற்று என்றுதான் சொல்கிறது.

கல்வித் துறைக்குச் சுருக்கமாக: மனநலச் சிக்கல்களில் கிட்டத்தட்டப் பாதி 18 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடுகின்றன. பின்லாந்தில் உருவான 'கிவா' திட்டம், வகுப்பில் ஒரு பிள்ளை சீண்டப்படும்போது வேடிக்கை பார்க்கும் மற்ற பிள்ளைகளை, சீண்டுபவனுக்குத் துணைபோகாமல் இருக்கப் பழக்குகிறது. சீண்டுபவனுக்குக் கைத்தட்டல் கிடைக்காவிட்டால் ஆட்டம் அடங்கும் என்பது கணக்கு. ஆலோசகர் ஒருவரை நியமித்துவிட்டுக் கதவை மூடிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக நிதித் துறை. புதிய திட்டம் எதுவானாலும் செலவுக் கணக்கை இணைக்காமல் உங்கள் மேசையைத் தாண்டாது. இனி அதோடு இன்னொரு பக்கமும் கேளுங்கள்: இந்தத் திட்டத்தால் யாருடைய தூக்கம் கெடும், யாருடைய கவலை குறையும், அதை எப்படி அளப்பீர்கள்? அந்தப் பக்கம் காலியாக வந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒருவர்