சித்தப்பா, ஒரு நாள் ஆர்ப்ரோத்துக்குப் போய் வாருங்கள்

அன்புள்ள சித்தப்பா,

எடின்பரோவில் தங்கச்சி வீட்டுக்குப் போய்வந்து, "கோட்டையைப் பார்த்தாச்சு, உருளைக்கிழங்கு தின்னு நாக்கு செத்துப்போச்சு" என்று குடும்ப வாட்ஸப்பில் நீங்கள் புலம்பியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூனில் மறுபடியும் போகிறீர்களாமே. இந்த முறை ஒரு நாள், அதே ஸ்காட்லாந்தில் வடக்கே இருக்கும் கடலோர ஊரான ஆர்ப்ரோத்துக்கு ரயில் ஏறுங்கள்.

வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். டே ஆற்றைக் கடக்கும்போது, 1879 புயலில் ரயிலோடு விழுந்த பழைய பாலத்தின் அடித்தூண்கள் தண்ணீருக்கு மேல் வரிசையாகத் தலைநீட்டும்.

இறங்கியதும் முதலில் துறைமுகப் பக்கம் போய்ச் சாப்பிடுங்கள். அங்கே ஸ்மோக்கி என்று கேட்க வேண்டும். ஹேடக் மீனின் தலையை வெட்டி, குடல் எடுத்து, உப்பில் ஊறவைத்து, வாலோடு வால் சேர்த்து ஜோடி ஜோடியாகக் கட்டிக் கம்பில் தொங்கவிட்டு, எரியும் கட்டைகளுக்கு மேலே வைத்து ஈரச் சாக்கால் மூடிவிடுகிறார்கள். புகையோடு ஆவியும் சேர்ந்து மீனை வேகவைத்துவிடுவதால், கருவாடு மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். தோல் செம்பு நிறத்தில் இருக்கும், பிளந்து நடுமுள்ளைத் தூக்கினால் வெள்ளைச் சதை ஈரமாக இதழ் இதழாகப் பிரியும். சாஸ் கீஸ் எதுவும் வேண்டாம், கையாலேயே சாப்பிடலாம். 2004இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டதால் ஆர்ப்ரோத்தைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் புகை போட்டால்தான் அந்தப் பெயர். ஆனால் ஆரம்பித்தது பக்கத்து மீனவக் கிராமமான ஆக்மித்தியில். அந்த ஊர்ப் பெண்கள், கடலுக்குப் போகும் கணவனின் கால் நனையக்கூடாது என்று முதுகில் சுமந்து படகில் ஏற்றிவிடுவார்களாம்! (சித்தியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.)

அப்புறம் நடந்தே மடாலயத்துக்குப் போங்கள். 1178இல் ஸ்காட்லாந்து மன்னர் வில்லியம் கட்டத் தொடங்கியது, முழுக்கச் செம்மணற்கல், இன்று கூரை கிடையாது. என்னைக் கேட்டால் எடின்பரோ கோட்டையைவிட இந்த இடிபாடுதான் ஒரு படி மேல், கூட்டமில்லாமல் நின்று பார்க்கலாம். தெற்குச் சுவரில் உயரத்தில் ஒரு பெரிய வட்ட ஜன்னல் இருக்கிறது, கண்ணாடி போய் வெறும் வளையம்தான் மிச்சம். கடலோடிகளுக்கு வழிகாட்ட அந்தக் காலத்தில் அதில் விளக்கேற்றுவார்கள் என்று ஊரில் சொல்வார்கள். 'நாங்கள் சுதந்திர நாடு' என்று ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் போப்பாண்டவருக்கு அனுப்பிய கடிதம் 1320இல் இங்கிருந்துதான் போனது. அதனால்தானோ என்னவோ, 1950 கிறிஸ்துமஸ் அன்று ஒருகாலத்தில் ஆங்கிலேயர்கள் எடுத்துப்போன ஸ்காட்லாந்து மன்னர்களின் முடிசூட்டுக் கல்லை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இருந்து தூக்கிவந்த ஸ்காட்லாந்து மாணவர்கள், அடுத்த ஏப்ரலில் அதைக் கொண்டுவந்து வைத்ததும் இந்தப் பலிபீடம் இருந்த இடத்தில்தான். திருடினார்களா மீட்டார்களா என்று தங்கச்சி மாப்பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், ராத்திரி முழுக்கப் பேச்சு ஓடும்.

சித்திக்கு முள் பயம் இருக்கிறதே, அவருக்கு கல்லன் ஸ்கிங்க் சொல்லுங்கள், புகைபோட்ட ஹேடக்கும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் பாலில் கொதித்த கெட்டி சூப்பு. மிளகுத்தூள் மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஆமாம், அதிலும் உருளைக்கிழங்குதான், சண்டைக்கு வராதீர்கள். திரும்பும்போது பார்சல் வாங்கினால் நன்றாகச் சுற்றித்தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரயில் பெட்டி முழுக்க உங்களைத்தான் பார்க்கும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்